பாதி மாத்திரை

கம்பத்துக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் நான் நர்ஸ். அங்கே ஓர் ஆத்தா வந்து சேர்ந்தார். கம்பம் மார்க்கெட்டில் வெகுகாலம் திராட்சை வியாபாரம் பார்த்தவர். மறதி நோய் வந்த பிறகு குளிப்பாட்டப் போனவர்களைப் பார்த்துக் கத்தினார், அடித்தார், கடித்தார். அதை அடக்க எங்கேயோ மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். எங்களிடம் வந்தபோது கத்தலே இல்லை. ஆனால் பகலெல்லாம் தலை தொங்க நாற்காலியில் கிடந்தார். வாயில் வைத்த சோற்றை விழுங்கவும் மறந்தார்.

தேனியிலிருந்து மாதாமாதம் வரும் மனநல டாக்டரம்மா ஒருநாள் எல்லோருடைய மாத்திரைகளையும் எடுத்துவரச் சொன்னார். எது எதற்கு, இன்னும் வேண்டுமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஆத்தா எதுக்குக் கத்துனாக?" என்று கேட்டார்.

எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

"இந்த மாத்திரையப் பாதியாக் குறைப்போம். திரும்பக் கத்துனா, எதுக்குன்னு பாருங்க."

வாழைக்காய் வியாபாரம் செய்யும் மகனுக்குப் பயம். "பழையபடி அடிச்சாகன்னா இங்கன வச்சுக்குவீகளா?" என்றார்.

"வச்சுக்குவோம்ணே. நீங்க கவலைப்படாதீக" என்றேன். எனக்கும் உள்ளூரப் பயம்தான்.

சில நாளில் ஆத்தாவின் தலை நிமிர்ந்தது. ஒரு காலை, ரவிக்கையைக் கழற்ற இடது கையைத் தூக்கினேன். "விடுடி கைய!" என்று கத்தி என்னை அறைந்தார். கன்னம் எரிந்தது. வலது கையைத் தூக்கிப் பார்த்தேன். பேசாமல் இருந்தார். மறுபடி இடது தோளைத் தொட்டதுமே முகம் சுருங்கியது.

டாக்டரம்மா வந்து பார்த்தார். தோள்மூட்டு இறுகிப்போயிருந்தது. வலிக்கு மருந்தும் வெந்நீர் ஒத்தடமும் சொன்னார். தளர்வான நைட்டி வாங்கினோம். குளியலறையில் செம்பை ஆத்தாவின் வலது கையிலேயே கொடுத்தோம். தானே மொண்டு ஊற்றிக்கொண்டார். கத்தல் அநேகமாக நின்றது. மாத்திரையை இன்னும் குறைத்து, பிறகு நிறுத்தியும் விட்டார்கள்.

அடுத்த முறை மகன் திராட்சை வாங்கிவந்தார். ஆத்தா ஒன்றை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏலே, புளிக்குது. எவன்டா உன்னைய ஏமாத்துனவன்?"

மகன் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னையத் திட்டுறாக" என்று என்னிடம் ஆசையாகச் சொன்னார்.

மறதி போகவில்லை. சில நாள் மகன் பெயர் நினைவில் இருக்காது. ஆனாலும் சாம்பாரில் உப்பில்லை என்று சமையல்காரரைக் கூப்பிட்டு அதட்டுவார். அந்தச் சத்தம் கூடம் வரைக்கும் கேட்கும். எங்களுக்கு வேலை கூடித்தான் போனது. யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.