இருசப்பன் படிக்காத புத்தகம்

எண்பத்தொன்பதிலிருந்து பதின்மூன்று வருஷம், எங்கள் ஊர் அடி அண்ணாமலைக்கு உலகச் செய்திகள் எல்லாம் இருசப்பன் வாய் வழியாகத்தான் வந்தன. காலை ஏழரைக்குச் சுப்பன் டீக்கடை பெஞ்சில் வந்து உட்காருவார். பேப்பரை இரண்டு கையாலும் அகல விரிப்பார். தொண்டையைச் செருமுவார். அதன் பிறகு டெல்லியில் ஆட்சி கவிழ்ந்தாலும் சரி, வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானாலும் சரி, அவர் படித்து முடிக்கும்வரை யாரும் டீயைச் சத்தமாக உறிஞ்சக்கூட மாட்டார்கள். வேர்க்கடலை விளையும் ஒன்றரை ஏக்கர் மல்லாட்டைக் கொல்லையும், பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் போடும் கற்பூரக் கடையும்தான் அவருடைய சொத்து. மரியாதை மட்டும் தாசில்தாருக்குச் சமம்.

ஒரே ஒரு குறை. அவருக்குப் படிக்கத் தெரியாது.

அவரும் அவர் மனைவி வெள்ளையம்மாளும் மட்டும் காத்து வந்த ரகசியம் இது. இரண்டாம் வகுப்பில் பாதியிலேயே மாடு மேய்க்கப் போனவர். கையெழுத்து மட்டும் போடுவார். எண்பத்தொன்பதில் திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாகப் பிரித்த செய்தியை ரேடியோவில் கேட்டுவிட்டு டீக்கடைக்கு வந்திருக்கிறார். வடை மடிக்க வைத்திருந்த பேப்பர் ஒன்று கைக்குக் கிடைத்தது. "இன்னாபா போட்டுருக்கான்?" என்று சுப்பன் கேட்க, ரேடியோவில் கேட்டதை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். கையில் இருந்தது போன மாதத்துப் பேப்பர். எழுத்துக் கூட்டத் தெரிந்த நாலு பேர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் கவனிக்கவில்லை.

மறுநாளிலிருந்து காலை ஏழேகாலுக்கு வெள்ளையம்மாள் கதவைச் சாத்துவார், ரேடியோவைச் சத்தம் கம்மியாக வைப்பார். செய்தி முடியும்வரை அந்த வீட்டில் பாத்திரம்கூட உருளாது. பேட்டரி தீர்ந்த நாட்களில் இருசப்பனுக்குக் காய்ச்சல் வந்துவிடும். கடிதம் படிக்கச் சொல்லி யாராவது வந்தால், அது போஸ்டாபீஸ் மணி சார் வேலை, அதில் நாம் கை வைக்கக் கூடாது என்று சொல்லி என்னிடம் அனுப்பிவிடுவார். அந்த மணி நான்தான். ஊர்க் கிளை அஞ்சலகத்தில் உத்தியோகம். அடுத்தவன் வேலையில் தலையிடாத உத்தமர் என்று நானே பல இடங்களில் அவரை மெச்சியிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்குக் கிராமக் கல்விக் குழு அமைத்தபோது, படித்த பொதுமக்கள் சார்பில் யாரைப் போடலாம் என்ற கேள்விக்கு ஊரே ஒரே பெயரைச் சொன்னது. அவர் ஓடி ஒளியப் பார்த்தார், விடவில்லை. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். கூட்டத்துக்கு முதல் நாளே தலைமையாசிரியர் பரசுராமன் தீர்மானத்தைச் சொல்ல, நான் எழுதி வைத்துவிடுவேன். மறுநாள் எல்லோரும் தலையாட்டிவிட்டு, பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். இப்படிச் சிக்கல் இல்லாமல் நடந்துகொண்டிருந்த கல்விக்குள் 2002ஆம் வருஷம் ஆடி மாதம் ஓர் ஆடு புகுந்தது.

மூன்றாம் வகுப்புக்குத் தென்றல் என்று ஒரு டீச்சர். கைக்குழந்தைக்காரி. பாடப் புத்தகம் போதாதென்று தன் சம்பளத்தில் ஒரு படக்கதைப் புத்தகத்தில் பத்துப் பிரதி வாங்கி வந்து பிள்ளைகளிடம் கொடுத்தார். அம்மனுக்கு நேர்ந்துவிட்ட ஆடு, வெட்டுக்கு முன்னால் மனிதர்களிடம் மூன்று கேள்வி கேட்கிறது. அவ்வளவுதான் கதை. அதே வகுப்பில் படித்த மகன் வழியாக அந்தப் புத்தகம் ஊராட்சித் தலைவர் தருமன் வீட்டுக்கும் போனது. வீட்டில் மாரியம்மனுக்கு விட்ட கெடா ஒன்று கொழுத்து நின்றது. கூழ் ஊற்றும் திருவிழா அன்று விடியற்காலையில் தலைவரின் மகன் கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

கெடா மூன்றாம் நாள் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு வாடகை வீட்டு வாசலில் கண்டுபிடிக்கப்பட்டது. கழுத்தில் ருத்திராட்சம். ஒரு வெள்ளைக்கார அம்மாள் அதற்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தானாக நாடி வந்த உயிரைத் தர முடியாது என்று சொல்லிவிட்டாள். நம் ஊரில் பிறந்து வளர்ந்த எத்தனையோ பேருக்குக் கிடைக்காத கதி அந்த ஆட்டுக்குக் கிடைத்தது.

தலைவருக்கு ஆத்திரம். ஒரே மகன், அடிக்க மனம் வரவில்லை. அம்மனைக் கோபித்துக்கொள்ள முடியாது. வெள்ளைக்காரியை அதட்ட இங்கிலீஷ் வேண்டும். மிச்சம் இருந்தது புத்தகம்தான்.

ஒரு வாரத்தில் புத்தகத்தின் குற்றங்கள் பெருகிவிட்டன. சாமியைப் பழிக்கிறது என்றார்கள், பெற்றவர்களை எதிர்க்கச் சொல்கிறது என்றார்கள். ஆட்டின் கழுத்துத் துணி ஒரு கட்சியின் நிறம் என்று ஒருவர் கண்டுபிடித்தார். பரசுராமன் ஒன்பது பிரதிகளைப் பறித்து, உலக உருண்டையும் பல்லி முட்டைகளும் இருக்கும் பீரோவில் வைத்துப் பூட்டினார். புத்தகம் வகுப்புக்கு ஒவ்வாதது, டீச்சரை மாணவர் நலன் கருதி வேறு இடத்துக்கு மாற்றலாம் என்று தீர்மானம் தயாரானது. வேறு இடம் என்றால் ஜவ்வாது மலை. கைக்குழந்தையோடு அங்கே போவது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அழகான கையெழுத்தில் எழுதிய நானும் கேட்கவில்லை.

பத்தாவது பிரதி இருசப்பன் வீட்டில் இருந்தது. அவருடைய மகள் கவியாவும் அதே வகுப்பு. நாற்பது வயதுக்கு மேல் பிறந்த பெண் என்பதால் தரையில் விடாமல் வளர்த்தார். வீட்டில் அப்பாவைப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும் என்று டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். புத்தகத்தோடு வந்து மடியில் உட்கார்ந்த மகளிடம் இருசப்பன் சொன்னார்: "நீ படி. தப்பு வந்தா நான் சொல்றேன்."

நான்கு நாள் அவள் படித்தாள். நான்கு நாளும் கேட்டார். ஒரு தப்புகூட வரவில்லை. ஐந்தாம் நாள் அந்தப் பிரதியும் பீரோவுக்குள் போனது.

கூட்டத்தன்று பரசுராமன் ஒரு படிவத்தை நீட்டினார். உறுப்பினர்கள் நூலை வாசித்தார்களா என்று அதில் ஆளுக்கு ஒரு கட்டம். தலைவர் 'ஆம்' என்று போட்டார். தலைமையாசிரியர் போட்டார். நானும் போட்டேன். அட்டையைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை. மூலையில் தென்றல் டீச்சர் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றார். படிவம் இருசப்பனிடம் வந்தது. ஊரிலேயே தினம் படிக்கிறவர் நீங்கள்தான், புத்தகம் சரியில்லை என்று ஒரு வார்த்தை உங்கள் வாயால் வந்துவிட்டால் போதும் என்று பரசுராமன் குழைந்தார்.

இருசப்பன் படிவத்தைக் கீழே வைத்தார். கதை நீங்கள் சொல்கிற மாதிரி இல்லை என்றார்.

தருமன் மேசைமேல் எடுத்து வைத்திருந்த பிரதி ஒன்றை வெடுக்கென்று எடுத்து அவர் மடியில் போட்டார். "எந்தப் பக்கத்துல நல்லது சொல்லியிருக்குது? பேப்பரு படிக்கிற மாதிரி படிச்சுக் காட்டு, கேப்போம்."

இருசப்பன் புத்தகத்தை விரித்தார். பழக்கதோஷத்தில் தொண்டையைச் செருமினார். பிறகு ஒன்றும் வரவில்லை. அவருடைய காது மடல் சிவந்ததைப் பார்த்தேன். ஒரு பொய் சொன்னால் மானம் மிஞ்சும், டீச்சர் மலைக்குப் போவார். பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. பதின்மூன்று வருஷம் பழகிய பொய், இன்னும் ஒரு நாள் சுமந்தால் கனத்துவிடாது.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றார்.

தருமன் சிரிக்க ஆரம்பித்தார். இருசப்பன் தலை குனியவில்லை. "எம் பொண்ணு நாலு வாட்டி படிச்சா. நான் கேட்டேன். நீங்கள்லாம் படிச்சவங்க, படிச்சேன்னு எழுதியும் குடுத்துட்டீங்க. கடைசியில அந்த ஆடு இன்னா ஆச்சுன்னு சொல்லுங்க."

காட்டுக்கு ஓடிப்போய்விட்டது என்றார் தலைவர். பூசாரியை முட்டித் தள்ளியது என்றார் தலைமையாசிரியர். நான் இரண்டுக்கும் பொதுவாகத் தலையாட்டினேன்.

"பொழுது சாஞ்சதும் அதுவா வூட்டுக்குத் திரும்பி வந்துருச்சுங்க. அதை வளத்த பையன் அழுவானேன்னு வந்துச்சு. வந்து நின்னு மூணு கேக்குது. மேல தண்ணி தெளிச்சா யாருக்கும் சிலுக்கத்தான செய்யும், அதுவா சம்மதம்னு கேக்குது. வேண்டிக்கினது நீ, தலை மட்டும் எனுதான்னு கேக்குது. என்னைக் கேட்டியான்னு கேக்குது. அவ்ளோதான். வெட்டுனாங்களா வுட்டாங்களான்னுகூட அதுல சொல்லல." அவர் மூலையைப் பார்த்தார். "கெடாவை அவுத்தது தலைவர் வூட்டுப் புள்ள. பயந்தது நாம. தலை மட்டும் டீச்சரம்மாவுதா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. எழுத்தறிந்த என் நாற்பது வருஷத்துக்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

பரசுராமன் நியாயத்துக்குப் பயப்படுகிறவர் அல்லர், ஆனால் காகிதத்துக்குப் பயப்படுவார். படிவத்தில் இருசப்பனின் கட்டத்தில் மட்டும் 'இல்லை' என்று இருந்தால் மேலே இருப்பவர்கள் ஏன் என்று கேட்பார்கள். கேள்வி வரும் காகிதத்தை அவர் தம் உத்தியோகத்தில் ஒரு நாளும் அனுப்பியதில்லை. தீர்மானத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டீச்சர் தப்பினார். புத்தகம் வகுப்புக்கு உகந்ததா இல்லையா என்பது பிறகு முடிவு செய்யப்படும் என்றும், அதுவரை பீரோவிலேயே இருக்கும் என்றும் எழுதச் சொன்னார். எழுதினேன். இன்றுவரை முடிவு செய்யப்படவில்லை. முடிவான ஒன்று, இருசப்பனுக்குப் பதிலாக வேறு படித்தவரைப் போடுவது. அந்த இடத்துக்குத் தலைவரின் மைத்துனர் வந்தார். இப்போது டீக்கடையில் பேப்பர் படிப்பது நான். அச்சில் இருப்பதை மட்டும் படிக்கிறேன், சுவாரஸ்யமே இல்லை என்று சுப்பன் குறைப்படுகிறார்.

கூட்டம் நடந்த அன்று சாயங்காலம் இருசப்பனைத் தனியாக விட மனமில்லாமல் வீடுவரை கூடப் போனேன். ஊர் சிரிக்குமே என்ற கவலையை அவர் சொல்லவில்லை. மகள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. கவியா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இருசப்பன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்துக்கொண்டே, அப்பாவுக்கு என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

"தெரியும்பா" என்றாள் அவள். "பேப்பர் படிக்கிறப்ப உன் கண்ணு நவுரவே நவுராது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ நல்லா கேட்டுக்கினு இருந்தியே."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் துண்டு இருந்தால் தேவலை போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, சாருக்கு அந்தக் கதை தெரியாது, ஒரு தடவை சொல் என்று மகளிடம் கேட்டார். புத்தகம் பீரோவில் இருந்தால் என்ன, கவியா மனப்பாடமாகச் சொன்னாள். ஆடு திரும்பி வந்தது. தண்ணீர் தெளித்தால் சிலிர்ப்பது சம்மதமா என்று கேட்டது. அடுத்து, என்னைக் கேட்டாயா என்று கேட்டது.

"ரெண்டாவது கேள்விய வுட்டுட்ட" என்றார் இருசப்பன்.

கவியா நாக்கைக் கடித்துக்கொண்டு, ஆடு வீடு திரும்பும் இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.