ரெனிஷின் ரத்தம் ஏன் அடங்கவில்லை

ஊரார் ரத்தமெல்லாம் பெர்சி சொன்ன பேச்சைக் கேட்கும். தூத்துக்குடி பீச் ரோடு பக்கம் ஒரு லேபில் பன்னிரண்டு வருடமாக அவள்தான் டெக்னீஷியன். கட்டின புருஷனின் ரத்தம் மட்டும் அவளைப் படாத பாடு படுத்தியது.

ரெனிஷ் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறுகிறவன். போன ஜூலையில் அவன் இதயத்தில் உலோக வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் ஆள் தப்பமாட்டான். அதற்குத்தான் தினமும் ஒரு மாத்திரை. ரத்தத்தை உறைய வைக்கும் நொதிகளை ஈரல் செய்கிறது. அவற்றை வேலைக்குத் தயாராக்குவது வைட்டமின் கே. மாத்திரை அந்த வைட்டமினை மறித்துவிடும். நொதிகள் சோம்பிக் கிடக்கும், ரத்தம் சீக்கிரம் உறையாது. எவ்வளவு சோம்பியிருக்கின்றன என்று ஐ.என்.ஆர். சோதனை சொல்லும். அந்த எண் மூன்றை ஒட்டி நிற்க வேண்டும்; இறங்கினால் ரத்தம் கட்டிவிடும்.

மார்ச்சில் அது ஒன்று புள்ளி எட்டுக்கு இறங்கியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த வாரம் ஒன்று புள்ளி நாலு. பெர்சி மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தாள், சோதனைக்கு ஊற்றும் ரசாயனத்தை மாற்றிப் பார்த்தாள். அதே எண்.

"மாத்திரய முழுங்குதீங்களா, கடல்ல துப்புதீங்களா?"

"செபமாலை மேல சத்தியமா முழுங்குதேன்ளா."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதோ?"

அட்டையில் மாத்திரைகள் கணக்காகத்தான் குறைந்திருந்தன. அதையும் அவள் நம்பவில்லை. இந்த மனுஷன் வேண்டுமென்றே சாகப் பார்க்கிறான் என்றே அவள் முடிவுகட்டினாள்.

வெள்ளிக்கிழமை காயல்பட்டினத்துச் சக்கீனா லேபுக்கு வந்தாள். அவளுக்கு அதே மாத்திரையைப் புதிதாக எழுதியிருந்தார்கள். பெர்சி வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்.

"கீரைய மட்டும் திடீர்னு கூட்டிராதீங்க லாத்தா. அதுலதான் வைட்டமின் கே..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரெனிஷின் சாப்பாட்டுத் தட்டு அவள் கண்முன் வந்தது.

ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்காக, ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் நாற்பது நாளும் மீன், கறி தொடுவதில்லை என்று ரெனிஷ் நேர்ந்திருந்தான். மீனுக்கு நடுவிலேயே நின்று ஏலம் கூறிவிட்டு வெறும் ரசச்சோறு தின்கிறானே என்று மனசு கேட்காமல், பெர்சி தினமும் இரண்டு வேளை முருங்கைக்கீரை வைத்தாள். வீட்டுக் கொல்லையிலேயே மரம் நின்றது. தினம் நாலு பேருக்கு இதையே ஓதுகிறவளுக்குத் தன் அடுப்படி தெரியாமல் போயிற்று. தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

டாக்டருக்கு போன் செய்தாள். எண் ஏறும்வரை ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடச் சொன்னார், கீரையையும் மாத்திரையையும் பழைய அளவுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

சாயங்காலம் ரெனிஷிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கத்துவான் என்று நினைத்தாள். கத்தினால் தேவலை என்றும் இருந்தது.

"செரி, பருப்பு வையி. நேர்ச்சைய விடமாட்டேன்" என்று மட்டும் சொன்னான்.

பிறகு மாத்திரையை விழுங்கி, இந்த இரண்டு வாரமாக அவள் பழக்கியிருந்தபடி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினான்.