வலை இல்லாத விறாந்தை

பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் என் கணவர்தான். கடல் தொழிலுக்குப் போகாமல் நின்று, ஓட்டோ பிடித்து, பையையும் தண்ணீர்ப் போத்தலையும் தானே தூக்கி வந்தார். கிளினிக்கில் நீள வாங்கில் வரிசையாக இருந்த மற்றப் பெண்கள் தனியாகத்தான் வந்திருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. அந்தப் பெருமைக்கு மத்தியானம் வரைக்கும்தான் ஆயுள்.

அதற்கு முதல் நாள் மீன் சந்தையில் தலைசுற்றி விழுந்திருந்தேன். மாதவிடாய் ஒழுங்கு தப்பிக் கனகாலம். நின்றுவிட்டது என்று நினைப்பேன், திரும்பவும் மடை உடைத்த மாதிரிப் போகும். இந்த வயதில் எல்லாருக்கும் இப்படித்தான் என்று எனக்கு நானே வைத்தியம் பார்த்தேன். அவருக்குச் சொல்லவில்லை. விடியமுன் துணிகளைத் தோய்த்து, வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் காயப்போட்டுவிடுவேன். இதையெல்லாம் ஆம்பிளைகளோடு கதைத்து எங்களுக்குப் பழக்கமில்லை.

டொக்டர் ஒரு பெண். இரத்தம் கட்டி கட்டியாகப் போகிறதா, குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இருந்ததா என்று பொறுமையாகக் கேட்டார். ஸ்கான் பார்த்தார். பிறகு கர்ப்பப்பையின் உட்புறத்தில் ஒரு துளி சதை எடுத்தார். பெண்ணாய்ப் பிறந்ததற்கு இன்னும் என்ன மிச்சம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். சதையைச் சோதித்த முடிவு வந்த பிறகுதான் கர்ப்பப்பையை எடுக்கிற ஒப்பரேசன், அதற்கு முதல், நாளைக்கே வந்து இரத்தம் ஏற்றவேண்டும், உடம்பில் இரத்தமே இல்லை என்றார். அதை விளங்கப்படுத்த என் கணவரையும் உள்ளே கூப்பிட்டார்.

எப்போது தொடங்கியது என்று டொக்டர் கேட்க, மூன்று நாலு மாதம் இருக்கும் என்றேன்.

"இல்லை டொக்டர்," என்றார் அவர். "தைப்பொங்கல் கழிஞ்ச கையோடை தொடங்கினது."

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். நடப்பது ஆவணி மாதம்.

தைப்பொங்கல் கழிந்த கையோடுதான் எங்கள் விறாந்தையில் கிடந்த வலைகளை அவர் தன் தம்பியார் வீட்டுக்கு மாற்றினார். எலி கடிக்கிறது என்றார். நம்பினேன். நம்பி, எலிப்பொறிகூட வாங்கி வைத்தேன். ஒரு எலியும் விழவில்லை. மாதவிலக்கான பெண் வலையைத் தொட்டால் மீன் படாது என்பது எங்கள் கரையில் தாய்ப்பாலோடு வருகிற நம்பிக்கை. அந்த நாட்களில் நானும் ஒதுங்கி நின்றவள்தான். மற்ற நாட்களில் அந்த வலைகளின் கிழிசலைப் பொத்தியதும் நான்தான்.

"தெரிஞ்சுகொண்டு ஏன் இவ்வளவு நாளும் கூட்டிக்கொண்டு வரேல்லை?" என்று டொக்டர் கேட்டார்.

ஓட்டோவில் ஏறியதும் எலிக்கதை ஏன் சொன்னீர்கள் என்று கணவரைக் கேட்டேன். கோடிக்குள் துணி காய்வதைக் கண்டாராம். மீன்பாடும் குறைந்துவிட்டதாம். என் மனம் நோகக்கூடாது என்றுதான் எலியின் தலையில் பழியைப் போட்டாராம். வலை கெடக்கூடாது என்று பார்த்த மனிதருக்கு, பெண்சாதியின் உடம்புக்கு என்ன வருத்தம் என்று கேட்கத் தோன்றவில்லை.

அவர் என் கையைப் பிடித்தார். "யோசியாதை. கர்ப்பப்பையை எடுத்துப்போட்டால் பிறகு துடக்கு எண்டு ஒண்டும் இல்லை. வலையளை வீட்டை கொண்டு வந்திடலாம்."

ஆறுதலாகத்தான் சொன்னார். இன்றுவரை எனக்கு ஆறாதது அதுதான். எடுத்த சதையில் என்ன இருக்கப்போகிறதோ என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் வலைக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தார். கையை இழுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, என் பாயை எடுத்து, விறாந்தையில் வலை கிடந்த மூலையில் விரித்துப் படுத்தேன். அவர் வாசலில் நின்று பார்த்தார்.

"இந்த இடம் இனி எனக்கு வேணும்," என்றேன். "வலை அங்கையே கிடக்கட்டும்."