முனகலை அழித்தவர்கள்

தெருவில் அவளுக்குச் சத்தக்காரி என்று பெயர். மாடிப்படிக் கைப்பிடியைக் கரண்டியால் தட்டி, அந்த ஓசையை டேப்பில் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கும் பெண்ணை அக்கம்பக்கத்தார் வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? அவர்கள் அதைத் திட்டாகத்தான் வைத்தார்கள். அவள் அதையே விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டாள். கீழே 'இசையமைப்பாளர்' என்று ஒரு வரி. அதற்கும் கீழே கொஞ்சம் வெற்றிடம், நாளைக்கு வேறு ஏதாவது ஆனால் எழுதிக்கொள்ளலாம் என்று.

நிறையவே ஆனாள். பன்னிரண்டு தட்டச்சுப் பொறிகளை வட்டமாக வைத்து, நடுவே நான்கு பாடகிகளை நிறுத்தி முக்கால் மணி நேரத்துக்கு ஒரு இசைக்கோவை எழுதினாள். கெட்டுப்போன டியூப்லைட்டுகளைச் சுவரெங்கும் மாட்டி, அவை கண்சிமிட்டும் ஒழுங்கீனத்துக்கு ஏற்ப டிரம் வாசிக்க வைத்தாள். ஈரச் சிமென்டில் ஓசையின் அலைகளைப் பதித்துப் பலகை பலகையாகக் காயவைத்தாள். பகலில் பதினோரு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் தட்டச்சு வேலை. சோறு போட்டது அந்த வேலைதான்.

கணவர் வாய்த்ததும் அங்கேதான். ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் நான்காவது மாடி லிஃப்ட் கதவில் காதை ஒட்டி நின்றிருந்தாள். பழுது பார்க்க வந்த மெக்கானிக் பதறிப்போய் ஓடிவந்தார்.

"ஏம்மா, உள்ள யாராவது மாட்டிக்கிட்டாங்களா?"

"இல்ல. உங்க மோட்டார் எப்பவும் ஒரே சுருதியில முனகுதே, அது கீபோர்டுல எந்தக் கட்டையிலயும் விழ மாட்டேங்குது. ரெண்டு கட்டைக்கு நடுவுல நிக்குது. ஏன்?"

இருபது வருஷம் அந்த மோட்டாருக்கு எண்ணெய் போட்ட மனிதரிடம் அதுவரை யாரும் அதைப் பற்றி இப்படி விசாரித்ததில்லை. "மேல வாங்க, பக்கத்துல இருந்து கேளுங்க" என்று மோட்டார் அறைக்கு அழைத்துப் போனார். அடுத்த வருஷம் கல்யாணம். "அண்ணி, இன்னிக்கு எந்த மிஷினோட கச்சேரி?" என்று நாத்தனார் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அந்த முனகலில் இருந்து பிறந்ததுதான் 'பதினோரு மாடி, ஒரு மூச்சு'. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு விடுமுறை நாள் காலை. மாடிக்கு ஒருவராகப் பதினோரு பேர்: டிரம்பெட், கிளாரினெட், நான்கு வயலின், நான்கு பாடகிகள், எட்டாவது மாடியில் நன்றாக விசிலடிக்கும் அலுவலக உதவியாளர் ஒருவர். எல்லாரும் ஒரு வாரம் மோட்டாரைக் கேட்டுக் கேட்டு, தங்கள் சுருதியை அதற்குச் சேர்த்து வைத்திருந்தார்கள். மைக்கைத் தொங்கவிட்ட லிஃப்ட் மாடி மாடியாகக் கதவு திறந்து மூடி ஏறியது, இறங்கியது. உச்சியில் கணவர் அதை இயக்கினார். பெயர்ப் பட்டியலில் அவள் முதலாவதாக எழுதியது: 'முனகல் - லிஃப்ட் மோட்டார்'. கதவிடுக்கில் மாடிக்கு மாடி விழுந்த வெளிச்சக் கோட்டையும் பதினோரு நீளப் படங்களாக எடுத்து வைத்தாள்.

பிறகு, இதைக் காட்சிக்கு வைக்கக் கேட்டு, பதினேழு வருஷம் கலை மன்றத்துக்கு விண்ணப்பங்கள். மன்றத்தின் இசைக் குழு அவள் கவரைத் திறந்து, படங்களைப் பார்த்துவிட்டு, இது ஓவியப் பிரிவுக்குப் போக வேண்டியது என்றது. ஓவியப் பிரிவு டேப்பைப் பார்த்துவிட்டு, இது இசை என்றது. நாடகப் பிரிவுக்கு அனுப்பினால் இதில் ஆளே இல்லையே என்று பதில். கடைசியில் 'இதர' என்று ஒரு பிரிவு தொடங்கினார்கள். அதன் தலைவர் இசைக் குழுவில் இருந்து வந்தவர். படங்களைப் பார்த்தார், இது ஓவியப் பிரிவுக்கு என்றார்.

விண்ணப்பிப்பதையே விட்டுப் பதினோரு வருஷம் கழித்து, ஐம்பத்தொன்பதாவது வயதில், நகரத்தின் பெரிய கலைக்கூடம் அவளுக்கென்றே ஒரு கண்காட்சி வைப்பதாகக் கடிதம் போட்டது. அவள் டேப்பையும் படங்களையும் கொடுத்தாள். எட்டுப் பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். ஐந்தாம் பக்கத்தில் 'தேவையான தொழில்நுட்ப மேம்பாடுகள்' என்று மூன்று சொற்கள் இருந்தன. டேப்பைக் கணினிக்கு மாற்றுவதைச் சொல்கிறார்கள் என்று நினைத்தாள். வேறென்ன நினைப்பாள்?

திறப்புக்கு முந்தின நாள் ஒலியைச் சரிபார்க்கப் போனாள், கணவரும் கூட. படங்கள் அழகாக மாட்டியிருந்தன. கலைக்கூடத்தின் ஒலிப் பொறியாளர், நாற்பது வயதுக்காரர், தன் வேலையில் பெருமை உள்ளவர், ஸ்பீக்கரைப் போட்டார். முதல் மாடி டிரம்பெட் வந்தது. இரண்டாம் மாடிப் பாடகி வந்தாள். துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி ஓசை.

மோட்டார் இல்லை.

கணவர்தான் முதலில் கேட்டார், "லிஃப்ட் எங்கப்பா?"

பொறியாளர் மலர்ந்துபோனார். "மூணு வாரம் உக்காந்து சுத்தம் பண்ணேன் சார். டேப் முழுக்க அடியில ஒரே இரைச்சல். சுத்தமா எடுத்துட்டேன். அப்புறம் பாவம், பதினோரு பேருமே சுருதி விலகிப் பாடியிருந்தாங்க. ஒவ்வொருத்தரையா பக்கத்துக் கட்டைக்கு இழுத்து வச்சேன். யாருக்கும் தெரியாது மேடம், கவலைப்படாதீங்க."

அவள் சுவரில் கை வைத்துக்கொண்டாள். தரையைப் பிடுங்கிவிட்டு, அதில் நின்றவர்களின் கால்களையும் ஒழுங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள். இதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவளைக் கேட்டிருக்கலாம். உயிரோடு, அதே ஊரில், தொலைபேசி எண்ணோடு இருக்கிறாள்.

சுத்தம் செய்யாத பதிவும் கணினியில் இருந்தது. அதைப் போட்டால் போதும். இயக்குநர் அறைக்குப் போனாள். அவர் மரியாதையாக உட்கார வைத்து, ஐந்தாம் பக்கத்தைக் காட்டினார்.

"மேடம், ஜனங்க இரைச்சல் கேக்க இங்க வரமாட்டாங்க."

"ஜனங்களை நீங்க கேட்டீங்களா?"

"கமிட்டி கேட்டு ஒத்துக்கிட்டாங்க."

"கமிட்டியில எத்தனை பேரு?"

"மூணு பேர்."

"பதினோரு பேரு வாசிச்சதை மூணு பேரு திருத்துனீங்களா? அப்ப என் பேரை எடுத்துடுங்க."

பெயரை எடுக்க முடியாது, வெளியே பதினைந்தடிக்கு எழுதியாகிவிட்டது என்றார் இயக்குநர். அவர் பக்கம் நியாயம் ஒன்றுதான், அது ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. திறப்பு விழாவுக்கு அந்தப் பதினோரு பேரில் உயிரோடிருந்த ஏழு பேர் வந்தார்கள். கிளாரினெட்காரர் தன் பகுதியைக் கேட்டுவிட்டு, "நான் இப்படியா வாசிச்சேன்?" என்று மெல்லக் கேட்டார். இன்னும் நாற்பது நாள் இந்தப் பொய்யை அவள் பெயரிலும் அவர்கள் பெயரிலும் ஊரே கேட்கப் போகிறது.

மறுநாள் காலை கலைக்கூடம் திறந்ததும் சத்தக்காரி வந்தாள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வாயை மூடிக்கொண்டு முனக ஆரம்பித்தாள். மோட்டாரின் அடித்தொண்டை அவளுக்கு வராது, அதற்கு ஒரு ஸ்தாயி மேலே பிடித்தாள். ஆனால் அதே சுருதி. இருபத்தெட்டு வருஷமாக அது அவள் உடம்பிலேயே இருந்தது.

வெளியேற்றச் சொல்லிக் காவலாளிப் பெண்மணிக்கு உத்தரவு வந்தது. அவர் விதிப் பலகையை இரண்டு முறை படித்தார். பேசக் கூடாது, தொடக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. முனகக் கூடாது என்று இல்லை. "பலகையில இல்லாததை நான் எப்படிச் சார் தடுக்கறது?" என்று இயக்குநரிடமே கேட்டார்.

இரண்டு கட்டைக்கு நடுவில் நிற்கும் முனகலும், கட்டையில் இழுத்து வைத்த பாட்டும் ஒன்றோடொன்று உரசின. அறையே அதிர்ந்து அதிர்ந்து கரகரத்தது. வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஒரு பெண் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பல்லு கூசுதும்மா. நீங்க கொஞ்சம் ஏத்திப் பிடிக்கக் கூடாதா?"

"நான் சரியான இடத்துலதாம்மா இருக்கேன். அவங்களைத்தான் நகத்தி வச்சுட்டாங்க."

ஏன், யார் என்று அந்தப் பெண் கேட்டாள். வாசலுக்கு அழைத்துப் போய் முழுக்கதையும் சொன்னாள் சத்தக்காரி. அப்படி ஒரு நாளைக்கு இருபது பேர், முப்பது பேர். கணவர் மதியம் சுடுதண்ணீர் கொண்டுவந்து, பக்கத்தில் நின்று காதைச் சாய்த்துக் கேட்பார். "கொஞ்சம் இறங்கிட்ட" என்பார். அவள் ஏற்றுவாள்.

பொறியாளர் முதல் நாள் கோபமாக வந்து, மூன்று வார உழைப்பை அசிங்கப்படுத்துகிறீர்கள் என்றார். என்னுடையது மூன்று வாரம் இல்லை என்றாள் அவள். நான்காம் நாள் சற்றுத் தள்ளி நின்றார். ஆறாம் நாள் காதில் ஹெட்போனோடு வந்து, பழைய பதிவை ஒரு காதிலும் அவள் முனகலை மறு காதிலும் வைத்து ரொம்ப நேரம் நின்றார். போகும்போது அவர் முகம் நன்றாக இல்லை. செய்தது என்ன என்று புரிந்த முகம்.

ஒன்பதாம் நாள் காலை. அவள் மூச்சிழுத்து ஆரம்பித்தாள். ஸ்பீக்கரும் ஆரம்பித்தது. உரசலே இல்லை. அடியில் இருந்து அந்தத் தடித்த முனகல் எழுந்து வந்து அவள் குரலை வாங்கிக்கொண்டது. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. பாடுகிறோமா என்று தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தாள். நிறுத்தினாள். முனகல் தொடர்ந்தது. அதன் மேல் முதல் மாடி டிரம்பெட், இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. சுடுதண்ணீரோடு வந்த கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "எண்ணெய் போடணும்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கூட்டம் அன்று அறையை விட்டு நகரவில்லை. மறுநாள் செய்தித்தாளில் இயக்குநரின் பேட்டி: கலைஞரின் மூல ஒலியைக் கலைக்கூடம் மிகுந்த சிரத்தையோடு மீட்டெடுத்திருக்கிறதாம். அதே காலை, அனுமதியின்றிப் பழைய பதிவை மாற்றிப் போட்டதற்கு விளக்கம் கேட்டு ஒலிப் பொறியாளருக்கு மெமோ.

சத்தக்காரி ஒரு கையில் செய்தித்தாளும் மறு கையில் பொறியாளரிடம் வாங்கிய மெமோவுமாக இயக்குநர் அறைக்குப் போனாள். உட்காரவில்லை.

"ரெண்டுல எது பொய்னு நீங்களே சொல்லுங்க. இந்த மெமோ இருக்கிற வரைக்கும் நான் நாளையிலிருந்து மறுபடி வந்து உக்காருவேன். இந்தத் தடவை உங்க கமிட்டி திருத்துன கட்டையில பிடிப்பேன். பல்லு கூசும்."

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவள் கைப்பையில் இருந்து மார்க்கரை எடுத்தாள். சுவரில் பதினோரு பெயர்களுக்கு மேலே, கலைக்கூடம் விட்டுவிட்ட 'முனகல் - லிஃப்ட் மோட்டார்' என்ற முதல் வரியைத் தன் கையாலேயே எழுதினாள். சுவரில் எழுதக் கூடாது என்று பலகையில் இருக்கிறதா என்று காவலாளியிடம் கேட்டாள், எழுதி முடித்த பிறகு.