சுரண்டச் சுரண்டப் பெரிதாகும் புண்

மிலிட்டரி கம்பவுண்டராக இருந்து ரிட்டயர் ஆகி, மயிலாப்பூரில் பாதிப் பேருக்குப் புண் ஆற்றிவிட்டவன் நான். எனக்கே இன்று அடையாறு தோல் டாக்டரிடம் தலை சுற்றிவிட்டது.

மனைவியின் கணுக்காலில் ஒரு சின்னக் கொப்புளம். ஒரு மாதமாக நானே தினமும் சுரண்டி, டிங்சர் ஊற்றி, மிலிட்டரி ஆஸ்பத்திரி தரத்தில் கட்டுப் போட்டேன். அது உள்ளங்கை அளவுக்குப் பெரிதாகிவிட்டது. காலையே எடுத்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம்.

டாக்டரம்மா சதை டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"இதுல கிருமியே இல்ல சார். அபூர்வமான வியாதி. உடம்போட எதிர்ப்பு சக்தியே தோலை அரிச்சுத் தின்னுது. சுரண்டினா இன்னும் பெருசாகும். யாரு சுரண்டினது?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"இவர்தான் டாக்டர். நான் கத்தினா, வலிச்சாதான் ஆறும்னு சொல்வாரு," என்றாள் மனைவி.

"ஸ்டீராய்டு மாத்திரை தரேன்மா. காலுக்கு ஒண்ணும் ஆகாது. சார் மட்டும் கை வெக்கக் கூடாது."

கிருமி இல்லாமல் புண் எப்படி வரும்? சுத்தம் செய்தால் எப்படி வளரும்? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆட்டோவில் அவள் சொன்னாள்: "மாத்திரை எனக்கு. பத்தியம் உங்களுக்கு."

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விளங்கியவர்கள் எனக்குச் சொல்லுங்கள். நான் கேட்டேன் என்று அவளிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.