நாலு சில்லும் கடல் காற்றும்

எங்கள் வீட்டில் மனிதர்களைவிடக் கார்தான் அதிகம் குளித்தது. விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு வந்ததும் வாப்பா கிணற்றில் பத்து வாளி தண்ணீர் அள்ளி அதற்கு ஊற்றுவார். அதன் பிறகுதான் எங்கள் முறை. வீட்டு வாசலில் நின்றால் கடல் இரைவது கேட்கும். காற்று உப்பைக் கொண்டுவந்து எல்லாவற்றிலும் பூசிவிட்டுப் போகும். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், உம்மாவின் தையல் மெஷின் எல்லாம் கறள் பிடித்துக் கிடக்க, கார் மட்டும் வெள்ளை வெளேரென்று நிற்கும்.

அது மாப்பிள்ளைக் கார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். ஓர் ஆண் தன் உம்மாவின் வீட்டை விட்டுப் புறப்படுவது வாழ்நாளில் ஒரு தரம். அதைப் பார்க்கத் தெருவே வாசலுக்கு வந்துவிடும். ஆகவே அவனை ஏற்றிப் போகிற கார் லேசான விஷயமல்ல. வாப்பாவின் கார் பழையது. பின்சீட்டில் ஸ்பிரிங் குத்தும். மழை பெய்தால் ஒரு கதவு திறக்காது. ஆனால் அதன் சில்லுகளுக்கு நிகராக அந்நேரம் ஊரில் ஒரு காரிலும் சில்லுகள் இருக்கவில்லை. முன்பு அதை வைத்திருந்த கொழும்புக்காரர் ஆசைப்பட்டுப் போட்ட அலோய் ரிம்கள் அவை. கண்ணாடி போல மினுங்கும். காலையில் பல் தீட்டிவிட்டு நான் அதில்தான் பல்லைப் பார்ப்பேன். கார் பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருநாளும் இஞ்சினைப் பற்றிக் கேட்டதில்லை. "சில்லு நல்ல மினுக்கம்" என்பார்கள். ஹயர் முடிவாகிவிடும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் போவதைவிட எங்கேயாவது போவது பிடிக்கும். கார் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டால் முன்சீட்டில் நான் இருப்பேன். அந்தப் பழக்கத்தால் பள்ளிக்கூடம் எட்டாம் ஆண்டோடு நின்றது. பழக்கம் நிற்கவில்லை. இப்போதும் ஓர் ஊரில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தால் எனக்குக் கால் உளைகிறது.

அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நான்கு கலியாணங்களுக்குக் கார் பேசியிருந்தார்கள். முதலாவது ஞாயிற்றுக்கிழமை, சாய்ந்தமருதில். நாலையும் தாண்டிவிட்டால் கூரையைப் பிரித்து ஓடு மாற்றலாம் என்பது வாப்பாவின் கணக்கு. வாசலில் ஓடு வந்து இறங்கிவிட்டதைப் போலவே உம்மா நடந்துகொண்டாள். கலியாணங்களுக்கு முன்னால் ஒரு சேர்விஸ் செய்துவிடலாம் என்று, பிரதான வீதியில் புதிதாகத் திறந்திருந்த கடையில் புதன்கிழமை காலையில் காரைக் கொடுத்தார் வாப்பா. எடுத்தபோது மஃரிபு ஆகிவிட்டது. இருட்டில் கார் அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை பல்லைத் தீட்டிவிட்டுச் சில்லுக்கு முன்னால் குந்தினேன். என் பல் தெரியவில்லை. முகமும் தெரியவில்லை. ரிம் முழுவதும் சாம்பல் பூத்து, மீன் செதில் ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அடுத்த சில்லுக்குப் போனேன். அங்கேயும் நான் இல்லை. நாலிலும் இல்லை.

வாப்பா துணியால் துடைத்தார். மண்ணெண்ணெய் போட்டார். பற்பொடி போட்டுக்கூடத் தேய்த்தார். பிறகு சில்லுக்குப் பக்கத்தில் நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். உடுத்திருந்த சாரம் ஈரமாவதைக்கூட அவர் கவனிக்கவில்லை. நான் முன்சீட்டில் ஏறி இருந்துகொண்டேன். போகப்போகிறோம் என்று தெரிந்துவிட்டது.

கடை முதலாளி சின்ன உருவம். சட்டைப் பையில் இரண்டு போன் வைத்திருந்தார்.

"முதலாளி, நேத்து நான் தந்தது கார். நீங்க எனக்கு என்னத்தத் தந்திரிக்கீங்க எண்டு வந்து பாருங்க," என்றார் வாப்பா.

முதலாளி குனிந்து பார்த்தார். விரலால் தடவினார். "இது கடக்காத்து ஹாஜியார்," என்றார்.

வாப்பா ஹஜ்ஜுக்குப் போனவரல்ல. சண்டை வரப்போகிறதென்று தெரிந்தால் எங்கள் ஊரில் முதலில் பட்டத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

"கடக்காத்து நாலு சில்லயும் ஒரே ராவுலயா திண்ட?"

"அது எப்பவோ உள்ளுக்குத் திண்டிரிக்கி. நாங்க ஊத்தையக் கழுவினம். இப்ப வெளிய தெரியிது."

ஓட்டோவுக்குக் காற்றடிக்க வந்து நின்ற ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்ல ரோசமான காத்துத்தான்," என்றார். "பெயின்டத் தொடல்ல, பம்பரத் தொடல்ல. குனிஞ்சி பாத்து ரிம்ம மட்டும் திண்டிட்டுப் போயிரிக்கி."

வாப்பா டிக்கியைத் திறந்து மேலதிகச் சில்லை வெளியே எடுத்து, உருட்டிக்கொண்டுவந்து முதலாளியின் காலடியில் நிறுத்தினார். அதுவும் அதே ரிம்தான். வெயிலில் பளிச்சென்று அடித்தது. அதில் முதலாளியின் முகம் தெரிந்தது.

"அது டிக்கிக்குள்ள கிடந்த. காத்துப் படல்ல," என்றார் முதலாளி.

ஓட்டோக்காரர் சிரித்ததில் முதலாளியின் காது சிவந்துவிட்டது.

"அசிட் அடிச்சிரிக்கீங்க," என்றார் வாப்பா.

"என்ட கடையில சில்லுக்கு அசிட் பாவிக்கிறதே இல்ல. நாளைக்கு ஜும்ஆ முடியப் பள்ளிக்கு வாங்க. ஊர் பாக்கக் குர்ஆனத் தொட்டுச் சொல்றன்."

"சரி. வாறன்."

அதற்கு மேல் கதைக்க ஒன்றுமில்லை. பள்ளிவாசலில் சத்தியம் என்று வந்துவிட்டால் பிறகு நாக்கைச் சும்மா வைத்திருக்க வேண்டும். முதலாளி கடையின் பின்பக்கம் பார்த்து, "தேத்தண்ணி கொண்டா," என்று சத்தம் போட்டார். சண்டை என்றாலும் வந்தவர்களைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புகிற வழக்கம் இல்லை.

கார் கழுவுகிற காக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார். மூத்த ஆண்களை எங்கள் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். வாப்பாவின் வயதிருக்கும். முன்பு கரைவலை இழுத்தவர், கடல் வந்து தோணியையும் வலையையும் கொண்டுபோன பிறகு இந்த வேலைக்கு வந்தவர் என்று பிற்காலத்தில் அறிந்தேன். அன்று எனக்கு அவர் ஒரு கிளாஸைத் தருகிற கை மட்டும்தான். "சூடு மகள், பாத்துப் புடிங்க," என்றார். நான் கிளாஸைப் பிடிக்கவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் முழுவதும் தோல் வெளுத்து, செதில் செதிலாக உரிந்து, நடுவில் வெள்ளைப் புள்ளிகள். நகங்கள் ஓரம் கரைந்து போயிருந்தன.

"வாப்பா!" என்று கத்தினேன். "இந்தக் காக்காட கையும் நம்மட சில்லு மாதிரியே இரிக்கி!"

என் வாழ்க்கையில் நான் கண்டுபிடித்த முதல் விஷயம் அது. அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன்.

காக்கா கையைச் சாரத்தில் துடைத்துப் பின்னால் கொண்டுபோனார்.

"கையக் காட்டு," என்றார் முதலாளி.

அவர் அசையவில்லை.

"காட்டு எண்டு சொல்றன்!"

காட்டினார். "பிறேக்குத் தூசி சவுக்காரத்துக்குப் போகல்ல முதலாளி. பின்னேரத்துக்குள்ள முடி எண்டு நீங்க சொன்ன. கக்கூஸ் கழுவுற போத்தல்ல கொஞ்சம் எடுத்து…"

முதலாளிக்கு இது உண்மையாகவே தெரிந்திருக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "படுபாவி, நாளைக்கு நான் குர்ஆனத் தொட்டிருப்பனேடா," என்றார். அந்தப் பயம் உடனே கோபமாகிவிட்டது. "இண்டையோட உன்ட வேல முடிஞ்சி. நாலு ரிம்முக்கும் நீதான் பதில் சொல்லணும். சொல்லிட்டு வீட்ட போ."

நான் வாப்பாவைப் பார்த்தேன். தலையைத் தடவுவார், குறைந்தது ஒரு சிரிப்பாவது தருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. காக்காவின் கையைப் பிடித்து, டயரில் ஆணி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தின நாளா இப்பிடி?"

"மூணு மாசமிருக்கும். சோறு புசையக்குள்ளதான் எரியும். மத்த நேரம் ஒண்டுமில்ல."

இருபது வயதில் குவைத்தில் ஒரு வீட்டின் ஐந்து குளியலறைகளைக் கழுவுகிற வேலை எனக்குக் கிடைத்தது. அங்கே எனக்கும் சோறு பிசையும்போது எரிந்தது. கரண்டியால் சாப்பிடப் பழகிக்கொண்டேன். இதை இங்கே சொல்வது, அன்று அந்த வார்த்தை என் காதில் விழுந்தும் உள்ளே போகவில்லை என்பதற்காகத்தான்.

வாப்பா கையை விட்டார். திரும்பவும் காருக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு சில்லை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு எழும்பிச் சாரத்தைத் தட்டிக்கொண்டார்.

"இல்ல முதலாளி. இது கடக்காத்துதான்."

ஓட்டோக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன சொல்றீங்க? அவன்தான் அசிட் அடிச்ச எண்டு அவன்ட வாயாலயே சொல்றான்," என்றார் முதலாளி.

"அவரு அடிச்சது ஒரு சொட்டு. அதுக்கு இப்பிடி வராது. நீங்க முதல்ல சொன்னதுதான் சரி. உள்ளுக்குத் திண்டிரிக்கி. நான்தான் வடிவாப் பாக்கல்ல." கிளாஸை எடுத்து ஒரு மிடறு குடித்தார். "காத்து செஞ்சதுக்கு ஆரயும் வேலையால நிப்பாட்டேலா முதலாளி."

முதலாளி தன் இரண்டு போன்களையும் வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் போட்டார்.

"தேத்தண்ணியக் குடிங்க ஹாஜியார். ஆறிப்போகும்," என்றார்.

அந்தத் தரம் அந்தப் பட்டம் சண்டைக்காகக் கொடுக்கப்பட்டதல்ல என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அழுகைதான் வந்தது. கையில் வைத்திருந்த வெற்றியை வாப்பா தேத்தண்ணியோடு குடித்துவிட்டார். வழியெல்லாம் அழுதேன். "நீங்க பொய் சொன்ன," என்றேன். "அல்லாஹ் கேப்பான்," என்றேன். "ஓம், கேப்பான். நான் பதில் சொல்லிக்கிறன்," என்றார் அவர்.

வழியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிறுத்தினார். திரும்பி வரும்போது கையில் இரண்டு பார்சல். ஒன்றில் அரத்தாளும் பொலிஷும் இருந்தன. மற்றதைத் தன் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

"அதுக்குள்ள என்ன?"

"அது உனக்கில்ல."

எனக்கில்லாத பார்சல் என்றால் அது இனிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

உம்மாவுக்கு எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். அவள் வாப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதை நாள் முழுவதும் சத்தமாகச் செய்தாள், பானை சட்டியின் உதவியோடு. வாப்பா இரண்டு நாட்கள் அரத்தாளால் தேய்த்தார். புள்ளிகள் போயின. கூடவே மினுக்கமும் போனது. நாலு சில்லும் அலுமினியச் சட்டியின் அடிப்பக்கம்போல ஆகிவிட்டன.

சனிக்கிழமை, மறுநாள் கலியாண மாப்பிள்ளையின் உம்மா இரண்டு பெண்களோடு வந்தார். காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"சில்லுக்கு என்ன புள்ள நடந்த?" என்று உம்மாவிடம் கேட்டார்.

உம்மா வாப்பாவைப் பார்த்தாள். வாப்பா நிலத்தைப் பார்த்தார்.

"கடக்காத்து," என்றாள் உம்மா.

அவர்கள் சம்மாந்துறையில் வேறு கார் எடுத்தார்கள். மற்ற மூன்று கலியாணங்களும் ஒவ்வொன்றாக அதே வழியில் போயின. அந்தப் பெருநாள் காலத்தில் எங்கள் கார் மாப்பிள்ளைகளுக்குப் பதிலாக நோயாளிகளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது. நோயாளிகள் சில்லைப் பார்ப்பதில்லை. கூரை மாறவில்லை. மாரி தொடங்கியதும் என் படுக்கையை ஒழுகாத குசினி அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டோம். உம்மாவின் இரண்டு காப்புகள் அடகுக்குப் போய் ஒன்றுதான் திரும்பி வந்தது. அதன் பிறகு எங்கள் வீட்டில் எது உடைந்தாலும், சோறு அடிப்பிடித்தாலும், நான் சோதனையில் பெயிலானாலும் உம்மா "கடக்காத்து" என்பாள். முதலில் கோபமாகச் சொன்னாள். பிறகு சிரித்துக்கொண்டு சொன்னாள். எந்த நாளில் மாறியது என்று எனக்கு நினைவில்லை.

சீட்டுக்கு அடியில் இருந்த பார்சலை நான் மறந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அசருக்குப் பிறகு கையை விட்டுத் துழாவினேன். இருக்கவில்லை. வாப்பா தனியாகத் தின்றுவிட்டார் என்று நினைத்து ஒருநாள் முழுவதும் அவரோடு கதைக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு நோயாளியை இறக்கிவிட்டு அந்தக் கடை வழியாக வந்தோம். கார் கழுவுகிற காக்கா ஒரு லொறியின் சில்லுக்கு முன்னால் குந்தியிருந்தார். முழங்கை வரைக்கும் செம்மஞ்சள் நிறத்தில் புத்தம் புதிய ரப்பர் கையுறை. எங்கள் காரைக் கண்டதும் எழுந்து, அந்தக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"பாத்தீங்களா வாப்பா? முதலாளி அந்தக் காக்காட கைய மறைச்சிட்டாரு. இனி ஆருட சில்லக் கெடுத்தாலும் சாட்சியில்ல."

வாப்பா காரை மெதுவாக்கினார்.

"ஓம் மகள்," என்றார். "மறைஞ்சிரிக்கட்டும்."

சொல்லிவிட்டு, மாப்பிள்ளையைப் பெண் வீட்டு வாசலில் இறக்கும்போது மட்டும் அடிக்கிற அந்த நீண்ட ஹோர்னை ஒரு தரம் அடித்தார். சாட்சியை மறைத்தவர்களுக்கு எதற்கு ஹோர்ன் என்று நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன்.