மீன்முள் பாட்டு

தம்பி செத்த அன்று காலையில் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்தார்கள். கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடித்துப் பைக்கில் வந்தவனை லாரி அடித்துவிட்டது. அம்மா முகத்தை ஒரு தடவை பார்த்தாள், விழுந்தாள். பக்கத்து வீட்டில் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். உடலை எடுக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

அவனுடைய கூட்டாளிகள் கானா பாட நான்கு பேரை அழைத்து வந்திருந்தார்கள். செத்தவரைப் பற்றி வீட்டு ஆளிடம் கேட்டு, அதையும் பாட்டில் சேர்த்துப் பாடுவார்கள். பாட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து குந்தினார். என்னைவிடச் சின்னவர்.

"தம்பி எப்டிண்ணா? இன்னா புடிக்கும் அவருக்கு?"

எனக்கு ஆட்கள் முன்னால் பேச்சு வராது.

"ஏதோ ஒண்ணு சொல்லுண்ணா. சின்னதா இருந்தாலும் போதும்."

கடைசியில் ஒன்று சொன்னேன். மதியச் சாப்பாட்டில் மீன் இருந்தால் தம்பி முள்ளையெல்லாம் டிபன் பாக்ஸ் மூடியில் எடுத்து வைப்பான். கம்பெனி கேட் பக்கத்தில் ஒரு பூனை இருந்தது, அதற்கு.

அவர் எழுந்து போய்ப் பாடினார்.

"டப்பா மூடி மேல முள்ள எடுத்து வெச்சவனே,
கேட்டாண்ட நிக்கிற பூனைக்கி யாரு போயி சொல்லுவாங்க?"

மெதுவாக இழுத்துப் பாடினார். 'யாரு' என்ற இடத்தில் நிறுத்தினார். டோலக்குக்காரரும் அங்கே ஒரு தட்டைத் தட்டாமல் விட்டார். அந்தத் தட்டாத இடத்தில்தான் எனக்கு முதல்முதலாக அழுகை வந்தது. யாரும் அதைப் போனில் பிடிக்கவில்லை. அன்றைக்கு அதெல்லாம் தோன்றவில்லை.

அதன்பிறகு அவர்கள் எங்கே பாடினாலும் போவேன். ஊத்துக்கோட்டைப் பக்கம் யாரென்றே தெரியாதவர் சாவுக்குக்கூட பஸ் ஏறிப் போயிருக்கிறேன். கூட்டத்துக் கடைசியில் நின்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன். ஒரு பெரியவர் என்னை மூன்று வீட்டில் பார்த்துவிட்டார்.

"எல்லா சாவுலயும் நிக்கிறியே, எமன் வூட்டு ஆளாடா நீ?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனாலும் போவதை நிறுத்தவில்லை.

பிறகு அவர்கள் யூடியூபில் வந்தார்கள். கீபோர்டு, ரிதம் பேடு, கறுப்புக் கண்ணாடி, கலர் அடித்த முடி. சாவு வீட்டுக்கு வருவது குறைந்து, நின்றும் போனது. எனக்கு வருத்தம்தான். ஆனால் பிழைக்க வேண்டுமே, எத்தனை நாளைக்குப் பிணத்தின் பக்கத்திலேயே நிற்பார்கள் என்றும் நினைத்துக்கொண்டேன். புதுப் பாட்டுகளில் சிலது பிடித்தும் இருந்தது.

ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில் டிரைவர் ஒரு பாட்டைப் போட்டார். காதலில் தோற்றவன் பாட்டு. மூடியில் முள்ளை எடுத்து வைத்தேனே, பூனை மாதிரி வந்தாயே, தின்றுவிட்டுப் போனாயே என்று ஒரு பெண்ணைப் பார்த்துப் பாடுகிறான். அதே குரல். பின்சீட்டுப் பையன்கள் விசில் அடித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பொய் சொல்லக் கூடாது, கொஞ்ச நேரத்தில் என் காலும் தாளம் போட்டது. குனிந்து பார்த்துத்தான் நிறுத்தினேன்.

ஊரெல்லாம் அந்தப் பாட்டுதான். ஷேர் ஆட்டோவில், மஞ்சள் நீராட்டில், டீக்கடையில். இந்த ஆடி மாதம் சொந்தக்காரப் பெண் ஒருத்தி அம்மாவிடம் சொல்லிவிட்டாள், அது உன் பிள்ளைக்காகப் பாடிய பாட்டு என்று. அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"நைனா, நீதான அன்னிக்கி கூட இருந்த. அத எனக்குப் பாடிக் காட்டு. இப்ப ஓடுதே அந்த மாதிரி வாணாம். அன்னிக்கி பாடுனா மாதிரி."

இத்தனை வருஷத்தில் அவள் அந்த நாளைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பாடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேலையில் அட்டைப் பெட்டிகளை ஒட்டிக்கொண்டே நினைத்துப் பார்த்தேன். வரி வந்தது, மெட்டு வரவில்லை. எந்தப் பக்கம் இழுத்தாலும் புதுப் பாட்டுதான் வந்து நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கவரைப்பேட்டைப் பக்கம் கோயில் திருவிழாவில் அவர்கள் பாட வந்தார்கள். மதியமே போய்விட்டேன். மேடைக்குப் பின்னால் பாட்டுக்காரர் தனியாகத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"செல்பியாண்ணா? கை கழுவிக்கினு வந்துர்றேன்."

"இல்ல. அந்தப் பூன... என் தம்பி."

அவர் என்னையே பார்த்தார். பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"மன்னிச்சிக்கண்ணா. நல்ல வரி, வுட மனசு வரல. அதான் வெச்சிக்கினேன்."

அதைக் கேட்க நான் வரவில்லை, அம்மாவுக்காக ஒரு தடவை பழைய மாதிரி பாட வேண்டும், போனில் பிடித்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லி முடித்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து கண்ணை மூடிக்கொண்டார். முதல் வரி மெதுவாக வந்தது. போனை அவர் பக்கம் நீட்டினேன். இரண்டாவது வரியில் தானாகவே வேகம் ஏறிவிட்டது. நிறுத்தினார். நாற்காலியில் தட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் அதேதான்.

"டோலக்கு அடிச்சவரு இருந்தா வந்துரும்ணா. அவரு வுட்டுட்டுப் பூட்டாரு. காட்டுப்பள்ளில செக்யூரிட்டியா கீறாரு." அவருக்கு முகம் வியர்த்துவிட்டது. "மேடையில தம்பி பேரச் சொல்லட்டுமா? ஜனம் கைதட்டும்."

"வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா கட்டிலில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தினேன். நான் பாடி யாரும் கேட்டதில்லை. பழைய வரியைத்தான் பாடினேன். ஆனால் வாயில் வந்தது அந்தப் பஸ் மெட்டு. 'யாரு' என்ற இடத்தில் நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. அம்மா கட்டில் சட்டத்தில் விரலால் தாளம் போட்டாள். டோலக்குக்காரர் விட்ட அந்தத் தட்டையும் சேர்த்துத் தட்டினாள்.

"நல்லாத்தான் கீது" என்றாள். "அன்னிக்கி இப்டித்தான் பாடுனாங்களா?"

"ஆமாம்மா" என்றேன்.